நான் கன்னத்தில் வைத்துப் பார்க்காத குமிழ்

ஒரு நேர்மையான மனிதரை நான் திருடராக்கினேன். அவர் திருடினார் என்று என் வாயால் சொல்லவில்லை. ஒரு பில்லியர்ட்ஸ் கோலின் அடியில் இருந்த வெள்ளைக் குமிழைப் பார்த்து, "இது தந்தம் இல்லை, செல்லுலாய்டு" என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை அந்த அறையில் இருந்தவர்கள் முடித்துக்கொண்டார்கள்.

ஏலக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், தந்தத்தையும் தந்தம் போலத் தோன்றுபவற்றையும் எப்படிப் பிரித்தறிவது என்று எழுதித் தரச் சொன்னீர்கள். எந்தப் பொருளில் எந்தக் கோடு ஓடும் என்பதற்குப் படம் போட்ட புத்தகங்கள் இப்போது வந்துவிட்டன. அவை என்னைவிட நன்றாகச் சொல்லும். புத்தகத்தில் இல்லாத ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. அதை எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஐரோப்பிய யுத்தத்துக்கு முந்தைய வருஷங்களில். வேலூர் தண்டிலிருந்து, அதாவது வெள்ளைக்காரப் படை இருந்த பகுதியிலிருந்து, சீமைக்குத் திரும்பும் குடும்பங்கள் தங்கள் கட்டில், கண்ணாடி, பியானோ எல்லாவற்றையும் நம் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். அவற்றோடு பில்லியர்ட்ஸ் கோல்களும் வரும். ஆளுயரக் கோல், நுனியில் காசளவு தோல், தோலுக்குக் கீழே உலக்கைப் பூண் போல ஒரு வெள்ளைப் பூண். விலை உயர்ந்த கோலாக இருந்தால் அடியிலும் ஒரு வெள்ளைக் குமிழ் இருக்கும். அந்த வெள்ளை எது என்பதுதான் எங்கள் கேள்வி. யானைத் தந்தமா, மாட்டெலும்பா, மான் கொம்பா, திமிங்கலப் பல்லா, தென்னமெரிக்காவில் விளையும் ஒரு கொட்டையா, அல்லது கற்பூரம் சேர்த்து ஆலையில் செய்கிற செல்லுலாய்டா? சிலவற்றுக்கு எங்களிடம் பெயர்கூட இல்லை. பெயர் இல்லாததையும் ஏதாவது ஒரு பெயரில் அடைத்துவிட வேண்டும் என்ற அவசரம் மட்டும் இருந்தது.

எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவருக்கு ஒரு பக்க மீசை மட்டும் குட்டையாக இருக்கும். தந்தத்தில் பழுக்கக் காய்ச்சிய ஊசியை வைத்தால் ஒரு புள்ளிகூடச் சரியாக விழாது. அந்த நம்பிக்கையில் அவர் ஒரு சீப்பின் கைப்பிடியில் ஊசியை வைத்திருக்கிறார். அது செல்லுலாய்டு. குப்பென்று பிடித்துக்கொண்டது. "என் மீசைதான் எனக்கு வாத்தியார். அது வளர்ற வரைக்கும் பாடம் நடத்திச்சு" என்பார். வேலையில் சேர்ந்த அன்றே என்னிடம் ஒரு வரிசையைச் சொன்னார். முதலில் கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்து பார். கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு. பிறகு கன்னத்தில் வைத்துப் பார். பல்லும் தந்தமும் சில்லென்று இருக்கும், செல்லுலாய்டு இருக்காது. பிறகு நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி. எல்லாம் முடிந்தும் சந்தேகம் இருந்தால்தான் ஊசி.

"ஒண்ணைப் பார்த்துட்டு இன்னொண்ணை விட்டுடாதே. ஒவ்வொண்ணும் பொய் சொல்லும். நாலும் சேர்ந்து பொய் சொல்றது கஷ்டம்" என்றார்.

நான் இரண்டை விட்டேன். ஊசியை விட்டதற்குக் காரணம் மீசை. கன்னத்தை விட்டதற்குக் காரணம் வேறு.

தண்டில் வெள்ளைக்காரர்களின் கிளப் ஒன்று இருந்தது. பகலில் கண் அசந்தால் அதன் பில்லியர்ட்ஸ் அறை இப்போதும் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. வெயில் வெளியே கொளுத்தும். ஜன்னல்களில் வெட்டிவேர்த் தட்டி கட்டி ஓயாமல் தண்ணீர் தெளிப்பார்கள். உள்ளே ஒரு பச்சை இருட்டு. அந்த இருட்டின் நடுவில் மேஜை, யாரும் இறங்காத நாற்றங்கால் போலக் கிடக்கும். பந்தும் பந்தும் மோதும் ஓசை எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். கோல் நுனியில் தடவும் சாக்குப்பொடி வெளிச்சக் கீற்றில் மிதந்துகொண்டே இருக்கும். கீழே இறங்கவே இறங்காது. அந்த அறையில் காலம் என்ற ஒன்று நடப்பதாகவே தெரியாது. அங்கே நான் பேசியது மட்டும் எப்படி அவ்வளவு வேகமாக நடந்து போய் ஒருவரைப் பிடித்தது என்று யோசித்திருக்கிறேன்.

அந்த அறையைப் பார்த்துக்கொண்டவர் ஏகாம்பரம். மேஜையைத் துடைப்பது, ஆட்டத்தின் கணக்கைக் கூவுவது, கோல்களைக் காப்பது எல்லாம் அவர் வேலை. அதற்கு மார்க்கர் என்று பெயர். கோல்களைப் பிள்ளைகள் போலப் பேசுவார். "இவன் சோம்பேறி சார். அவன் துரைங்க கையில மட்டும் நேரா போவான்" என்பார்.

கோல் பழுதானால் தாவூத் பாயிடம் போகும். அவர் கோட்டை அகழிக்கு அந்தப் பக்கம் ஒரு சந்தில் கடைசல் பட்டறை வைத்திருந்தார். கட்டில் கால், தொட்டில் கம்பு, கைத்தடிக் குமிழ் எல்லாம் கடைவார். கடைந்து முடித்த பொருளின் மேல் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓடவிடுவார். "கண்ணு ஏமாந்துடும் சார். இது ஏமாறாது" என்று விரல் நுனியைக் காட்டுவார். கிளப்பின் கோல்கள் முழுவதையும் நிரந்தரமாக அவர் பொறுப்பில் விட்டு, கிளப் வளவிலேயே ஒரு கொட்டகையும் போட்டுத் தருவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவர் அந்தக் கொட்டகையை மனதில் கட்டியே முடித்திருந்தார். ஜன்னல் எந்தப் பக்கம் என்றுகூட என்னிடம் சொல்லியிருக்கிறார்.

கிளப்பில் ஒரு கோலுக்குத் தனி மரியாதை. ஆப்பிரிக்காவில் இருந்துவிட்டு வந்த ஒரு படை அதிகாரி எப்போதோ கொடுத்துவிட்டுப் போனது. இரண்டு துண்டாகக் கழற்றி ஒரு பெட்டியில் வைப்பார்கள். பெரிய ஆட்டத்துக்கு மட்டும் எடுப்பார்கள். அதன் குமிழ் ஆடுகிறதென்று தாவூத் பாயிடம் போயிற்று. அவர் இறுக்கிக் கொண்டுவந்து ஏகாம்பரத்திடம் கொடுத்தார். ஏகாம்பரம் பெட்டியில் வைத்து மூடினார். சில நாள் கழித்து, ஆட்டம் நடக்க இருந்த மத்தியானம், கிளப்பின் செயலாளர் துரை பெட்டியைத் திறந்து பார்த்தார். பழுப்பேறிக் கிடந்த குமிழ் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. இது பழைய குமிழ் இல்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

எனக்கு ஆள் வந்தது.

நான் அதற்கு முன் கிளப்பின் பின்வாசல் வழியாகத்தான் போயிருக்கிறேன். அன்று முன்வாசலில் வண்டியை விடச் சொன்னார்கள். துரை என்னை "மிஸ்டர்" போட்டு அழைத்தார். நாற்காலியைக் காட்டினார். நான் உட்கார்ந்தேன். கோட்டுப் போட்டிருந்தேன். மிஷன் கல்லூரியில் படித்த இங்கிலீஷ் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. என் எதிரே தாவூத் பாயும், திறந்த பெட்டியைக் கையில் பிடித்தபடி ஏகாம்பரமும் நின்றார்கள்.

"இன்னா சார், துரை ஒரு மாதிரியா பாக்குறாரு?" என்று தாவூத் பாய் மெதுவாகக் கேட்டார். "குமிழு ஆடுதுன்னாங்க. அரக்கு வச்சு இறுக்கினேன். அழுக்கு ஜாஸ்தியா இருந்துச்சு, சாக்குப்பொடி போட்டுத் தேய்ச்சேன். நல்லா வந்துச்சேன்னு சந்தோசமாத்தான் குடுத்தேன்."

நான் குமிழைக் கட்டைவிரலால் தேய்த்தேன். முகர்ந்தேன். கற்பூரம். சந்தேகமே இல்லாத கற்பூரம்.

அடுத்தது கன்னம். கோலைத் தூக்கிக் கன்னத்தருகே கொண்டுபோகக் கை பாதி எழுந்தது. துரை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கண்ணாடி டம்ளரோடு இன்னும் இரண்டு பேர். கோட்டுப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்த ஒருவன் அவர்கள் முன்னால் ஒரு கட்டையைக் குழந்தை மாதிரி கன்னத்தில் ஒட்டிக்கொள்வதா? சிரிப்பார்கள் என்று நினைத்தேன். கையை இறக்கினேன்.

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். யானைத் தந்தத்தில் ஓடும் பின்னல் கோடு இல்லை. மெல்லிய, நெருக்கமான வரிகள் இருந்தன. அவை எனக்குத் தெரிந்த எந்தப் பல்லின் வரியும் அல்ல. நல்ல வெளிச்சத்துக்குக் கொண்டுபோயிருந்தால் அவை லேசாக வளைவதைப் பார்த்திருப்பேன். தட்டி வழியாக வந்த பச்சை இருட்டில் அவை நேர்கோடாகத் தெரிந்தன. செல்லுலாய்டில் தந்தம் போலத் தோன்றுவதற்காக ஆலைக்காரர்கள் நேர்கோடு போடுவதுண்டு. அதுதான் இது என்று முடிவுகட்டினேன்.

இந்த இடத்தில் சொல்லத் தக்க உண்மையான வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். "எனக்குத் தெரியவில்லை, வெளிச்சத்தில் வைத்து நாளைக்குப் பார்க்கிறேன்." அதைச் சொல்ல எந்தத் தடையும் இல்லை. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல என்னால் முடியவில்லை.

நான் இங்கிலீஷில் சொன்னேன். தேய்த்தால் கற்பூர மணம் வருகிறது, தந்தத்தின் கோடு இல்லை, ஆகவே இது செல்லுலாய்டு என்றேன். நிச்சயம்தானா என்று துரை கேட்டார். நிச்சயம் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, போலீசுக்குப் போகப்போவதில்லை, இந்த ஆள் இனி இந்தப் பக்கம் வரக்கூடாது, அதை அவனிடம் சொல்லிவிடுங்கள் என்றார். அதைப் பெருந்தன்மை என்றே நானும் நினைத்தேன். போலீசுக்குப் போயிருந்தால் யாராவது ஒருவர் அந்தக் குமிழை இரண்டாம் முறை பார்த்திருப்பார்.

"பாய், நீங்க இனிமே இங்க வர வேணாம்னு சொல்றாரு."

"ஏன் சார்?"

"குமிழு மாறியிருக்குதாம்."

கேட்டீர்களா? "மாறியிருக்குதாம்." யாரோ சொல்லி நான் கேள்விப்பட்டது போல. சொன்னவனே நான்தான்.

தாவூத் பாய் என் முகத்தைப் பார்த்தார். "நான் மாத்தல சார். அது இன்னா எலும்போ, இன்னா கல்லோ எனக்குத் தெரியாது. குடுத்ததைத்தான் திருப்பிக் குடுத்தேன். நீங்களாவது அவருகிட்ட இங்கிலீஷ்ல சொல்லுங்க சார்."

நான் சொல்லவில்லை. ஏகாம்பரம் பெட்டியை மூடினார். ஆட்டம் ஆரம்பமாகும் நேரமாகிவிட்டது.

தண்டு முழுக்கச் செய்தி பரவ அதிக நாள் பிடிக்கவில்லை. கொட்டகைப் பேச்சு நின்றது. துரைமார் வீடுகளிலிருந்து கட்டில் கால் வருவது நின்றது. பிறகு ஊர்க்காரர்களும் நிறுத்தினார்கள். ஒருநாள் அந்தச் சந்து வழியாகப் போனபோது பட்டறையில் வேறு யாரோ ஆட்டு ரோமம் அடைத்த மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தாவூத் பாய் ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஷாப்புக்கு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எனக்கு லேசாக ஒரு நிம்மதிகூட இருந்தது. இனி எதிரில் வரமாட்டார் அல்லவா.

யுத்தம் வந்து போயிற்று. நான் தலைமை மதிப்பீட்டாளன் ஆனேன். என் மூக்கைப் பற்றி மதராஸ் வரைக்கும் பேசினார்கள். அந்தக் கோலை நான் மறந்தே போனேன் என்று சொன்னால் பாதி உண்மை. மறக்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை, நினைக்கவும் இல்லை.

பிறகு கிளப்பின் பழைய சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. வண்டியோடு ஏகாம்பரமும் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மூட்டு வலியால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். இறக்கிய சாமான்களில் அந்தப் பெட்டி இருந்தது. தாழ்ப்பாள் உடைந்து, மூடி சரியாக மூடாமல், உள்துணி கிழிந்திருந்தது. கோலை எடுத்தேன். பார்த்ததுமே செல்லுலாய்டு என்று சொல்லிவிடலாம். நானே தீர்ப்புச் சொன்ன பொருள். ஆனாலும் கை பழக்கத்தில் கட்டைவிரல் தேய்த்தது. முகர்ந்தேன்.

ஒன்றும் இல்லை.

இன்னும் அழுத்தித் தேய்த்தேன். விரல் சுட்டது. ஒன்றும் இல்லை. செல்லுலாய்டின் கற்பூரம் அதன் உடம்புக்குள்ளேயே இருப்பது. எத்தனை வருஷமானாலும் தேய்த்தால் வரும்.

"ஏகாம்பரம், இந்தக் குமிழ்ல சூட வாசனை வருமே. இப்ப வரலையே?"

"சூடம் போட்டா வரும். போட்டு எந்தக் காலம் ஆச்சு."

"யாரு போட்டா?"

"நான்தான். உள்துணியைப் பூச்சி அரிச்சுதுன்னு கோயில் கடையில வாங்கி மூலைக்கு மூலை வைப்பேன். அப்புறம் தாழ்ப்பாள் போச்சு. மூடாத பெட்டிக்கு எதுக்குச் சூடம்? சாமிக்காவது ஏத்தலாம்." அவர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அன்னிக்கும் வச்சிருந்தியா? தாவூத் பாய் விஷயம் நடந்த அன்னிக்கு?"

"வச்சிருந்தேன். கோலு அந்தப் பொட்டியிலதானே இருந்துச்சு, நாலஞ்சு நாளா. ஏன் சார், உங்களுக்கு இன்னா ஆச்சு? ஏன் இப்படி வேர்க்குது?"

"அன்னிக்கு நான் அதைத்தானே சொன்னேன். கற்பூர வாசனை வருது, அதனால இது போலின்னு சொன்னேன். நீ பெட்டியைப் புடிச்சுக்கிட்டு நின்னியே. ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

ஏகாம்பரம் என்னை வெறித்துப் பார்த்தார். "நீங்க இங்கிலீஷ்ல பேசினீங்க சார். சூடத்தைப் பத்திப் பேசுறீங்கன்னு எனக்கு இன்னா தெரியும்? தமிழ்ல சொல்லியிருந்தா, அட நான்தான் சாமி போட்டேன்னு அங்கேயே சொல்லியிருப்பேனே!"

வெளியே வண்டி மாடு கழுத்து மணியை ஆட்டிக்கொண்டிருந்தது. பிறகு நான் அந்தக் கோலைத் தூக்கி, கோடவுன் ஆட்கள் அத்தனை பேரும் பார்க்க, குமிழைக் கன்னத்தில் வைத்தேன். வெயில் நேரத்திலும் ஆற்று மணலைத் தோண்டி ஊறிய தண்ணீர் போலச் சில்லென்று இருந்தது.

வாசலுக்குக் கொண்டுபோய்ப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். வரிகள் வளைந்திருந்தன. வெள்ளம் வடிந்த பிறகு பாலாற்று மணலில் காற்று போட்டுவிட்டுப் போகும் வரி மாதிரி, ஒன்றை ஒன்று தொடாமல், மெல்ல மெல்ல வளைந்தன. ஊசியும் வைத்தேன். புள்ளிகூட விழவில்லை. மதராஸில் ஒரு பல் மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் பார்த்ததும் சொல்லிவிட்டார். நீர்யானைப் பல். அந்தக் காலத்தில் சீமையில் பொய்ப்பல் கட்டுவதே இதில்தானாம். யானைத் தந்தத்தைப் போல இது பழுக்காது, அழுக்குப் போனால் வெள்ளையாகவே இருக்கும் என்றார். தாவூத் பாய் செய்த குற்றம் அழுக்கைத் துடைத்தது.

கிளப்பில் செயலாளர் மாறியிருந்தார். நான் போய்ச் சொன்னேன். இந்த முறையும் நாற்காலி காட்டினார்கள், நின்றுகொண்டே சொன்னேன். புதியவர் மரியாதையாகக் கேட்டார். சுவாரஸ்யமான விஷயம் என்றார். யார் அந்த தாவூத் என்று கேட்டார். அவ்வளவுதான்.

கோலைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு ரயிலேறி ஆம்பூர் போனேன். ரயிலில் பாதி வழி எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று யோசித்தேன். தொடங்கிய வாக்கியங்கள் எல்லாம் இங்கிலீஷில் வந்தன. ஜன்னலுக்கு வெளியே மலைகள் கூடவே நடந்து வந்தன. ஆவாரம்பட்டை ஊறும் வாசனையும் பச்சைத் தோலின் வாடையும் வந்தபோது ஊர் வந்துவிட்டது தெரிந்தது.

மத்தியான இடைவேளை. சுண்ணாம்புத் தொட்டிகளின் ஓரத்தில் ஆட்கள் குந்தியிருந்தார்கள். தாவூத் பாயை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவருக்கு என்னைத் தெரிந்தது. எழுந்து நின்றார். கையைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கைகளைப் பார்த்தேன். சுண்ணாம்பு அரித்து விரல் நுனிகள் வெளுத்து, வழுவழுவென்று, ரேகையே இல்லாமல் இருந்தன.

"உக்காருங்க சார். இங்க உக்காந்தா கோட்டு பாழாய்டும். அங்க நிழலுக்குப் போலாம்."

நிழலில் நின்று, துரையிடம் நான் சொன்ன வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் சொன்னேன். நான் முடித்த பிறகு அவர் ஒன்று கேட்டார்.

"அன்னிக்கு துரைகிட்ட இன்னா சொன்னீங்க? இன்னி வரைக்கும் எனக்கு அது தெரியாது."

நான் அன்று இங்கிலீஷில் சொன்ன வாக்கியத்தை, வார்த்தை வார்த்தையாக, தமிழில் அவரிடம் சொன்னேன். என் வேலைக்காலத்தில் நான் செய்த மிகக் கடினமான காரியம் அதுதான். சின்ன வாக்கியம். தமிழில் சொல்லும்போது அது எவ்வளவு அற்பமாக இருந்தது என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்?

"சூடமா?" என்றார். "அந்த மார்க்கர் போட்ட சூடமா?"

"ஆமா பாய்."

"அப்ப நான் மாத்தல."

"மாத்தல பாய்."

"மறந்துபோய்க்கூட மாத்தல."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். "அதே வாரம் ஒரு சாயபுக்குக் கைத்தடிக் குமிழு கடைஞ்சேன் சார். எலும்புல. அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை. ரெண்டும் ஒரே பலகையில கிடந்துச்சு. படிச்சவரு நீங்க, கண்ணாடி வச்சுப் பாத்துச் சொன்னீங்களே, அப்ப நான்தான் தெரியாம மாத்திப் பூட்டிட்டனோன்னு... அந்தச் சாயபுகிட்டப் போய்க் கேக்கலாம்னா அவரு பர்மாவுக்குப் போய்ட்டாரு. தொட்டியில இறங்குறப்பல்லாம் அந்தப் பலகையைத்தான் நெனச்சுப் பாப்பேன். எது எந்தப் பக்கம் இருந்துச்சு, எதை முதல்ல எடுத்தேன்னு. சில நாளு மாத்தின மாதிரியே தோணும் சார். கையே கண்ணு முன்னாடி தெரியும், மாத்துற மாதிரி."

நான் அவர் பெயரை மட்டும் கெடுத்ததாக நினைத்துக்கொண்டு ரயிலேறியிருந்தேன்.

பெட்டியைத் திறந்து கோலின் அடித்துண்டை அவரிடம் கொடுத்தேன். குமிழின் மேல் விரலை ஓட்டினார். நெற்றியைச் சுருக்கினார். இன்னொரு விரலால் ஓட்டிப் பார்த்தார். "ஒண்ணும் தெரியல" என்றார், கோபமில்லாமல். பிறகு அதைத் தூக்கிக் கன்னத்தில் வைத்தார். கண்ணை மூடினார். அப்படியே வெகு நேரம் நின்றார். சுற்றிலும் ஆட்கள் பார்த்தார்கள், ஒருவர், "இன்னா பாய், தூக்கமா?" என்று கேலி செய்தார். அவர் காதில் விழவில்லை.

"சில்லுனு இருக்கு" என்றார்.

புதுப் பட்டறை வைத்துத் தருவதாக அவரிடம் சொன்னேன். அவர் கையை விரித்துக் காட்டினார். "இது இனிமே கடைசலுக்கு ஆகாது சார். உங்களுக்கும் பேஜாரு, எனக்கும் பேஜாரு." வேறென்ன செய்யட்டும் என்று கேட்டேன். சங்கு ஊதியதும் அவர் தொட்டிக்குப் போய்விட்டார்.

நான் தோல் ஷாப்பு முதலாளியைப் பார்க்கப் போனேன். நல்ல மனிதர். சர்பத் கொடுத்தார். தாவூத் பாயை ஏன் இத்தனை வருஷமாகத் தொட்டியிலேயே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"உள்ளதைச் சொல்றேன். வேலூர்ல கை சுத்தம் இல்லாத ஆளுன்னு கேள்விப்பட்டேன். ரெடியான தோல் இருக்கிற பக்கம் விட மனசு வரல. பச்சைத் தோலை எவன் திருடுவான்? அதான் அங்கேயே இருக்கட்டும்னு விட்டேன்."

அந்தச் சொல் எனக்கு முன்னால் ரயிலேறி வந்து இங்கே காத்திருந்திருக்கிறது. அவரிடமும் முழுவதையும் சொன்னேன். அவர் சர்பத்தைக் கீழே வைத்துவிட்டார்.

ஏல நாளில், அந்தக் கோலின் முறை வந்தபோது, நான் மேடையில் ஏறி நடந்ததைச் சொன்னேன். முதலில் தமிழில், பிறகு இங்கிலீஷில். மேனேஜர் முகம் கறுத்தது. பதவி உயர்வு கொடுத்து என்னை மதராஸுக்கு மாற்றும் பேச்சை அவர் அதன் பிறகு எடுக்கவில்லை. தாவூத் பாயை வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தேன், அவர் வரவில்லை. ஏகாம்பரம் முன் வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் இருந்தவரிடம், "சூடம் போட்டது நான்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீர்யானைப் பல் என்று தெரிந்ததும் கோலின் விலை ஏறியது. என் வாக்குமூலத்தில் கம்பெனிக்கு லாபம்.

சில மாதம் கழித்து ஆம்பூர் போனேன். மன்னிப்புக் கேட்க அல்ல; அதை அவரிடம் கேட்கும் துணிவு எனக்கு ஒருநாளும் வரவில்லை, அவராகக் கொடுக்கவும் இல்லை. தொட்டிப் பக்கம் அவர் இல்லை. பதப்படுத்தி முடித்த தோல்களை அடுக்கும் கிடங்கைக் காட்டினார்கள். வாசலில் நின்றிருந்தார். உடம்பில் சுண்ணாம்பு இல்லை.

"வாங்க சார். டீ சொல்றேன். கொஞ்சம் இருங்க, பூட்டிட்டு வர்றேன்."

கதவைச் சாத்தினார். பூட்டினார். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். சாவி ஒரு கயிற்றில் கழுத்திலிருந்து தொங்கியது. அதை விரல்களுக்கு நடுவில் உருட்டினார். பிறகு தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"விரல்ல தெரிய மாட்டேங்குது சார். கழுத்துல இருக்குதா, விழுந்துச்சான்னு அப்பப்பப் பாத்துக்கணும்" என்றார். ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார்.

"இருக்கு."